குடும்ப வரலாற்று மென்பொருளில் ஊர்களையும் படங்களையும் ஒழுங்காக வைப்பது எப்படி? கிராம்ப்ஸ் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வம்சாவளி எழுத உட்காரும் எல்லாரும் முதலில் ஆட்களைத்தான் ஏற்றுவார்கள். தாத்தா, பெரியப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள் என்று சீக்கிரமே நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். அதுவரை எல்லாம் நன்றாகப் போவதுபோலத்தான் தெரியும். அப்புறம்தான் சிக்கல். ஒரே ஊர் நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு ஊராக நிற்கும். பாட்டி பிறந்தபோது அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று குழப்பம் வரும். சேர்த்த படங்களில் பாதி திறக்காது. இதையெல்லாம் சீர் செய்வதற்குள் நான் படாத பாடு பட்டேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஊரையும் படத்தையும் முதலில் ஒழுங்கு செய்துவிட்டால், ஆட்களைச் சேர்ப்பது மிகவும் சுலபம்.

நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் (Gramps). கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, சந்தா கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்யலாம். விவரமெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். நீங்கள் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

1. தொடங்குமுன் என்னென்ன வேண்டும், என்ன செலவாகும்

மென்பொருளுக்குச் செலவில்லை. செலவு ஸ்கேனருக்கும் சேமிப்புக்கும்தான். வீட்டில் ஸ்கேனரோடு சேர்ந்த பிரின்டர் இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்கத் தேவையில்லை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து தருவார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் குறைந்த தரத்தில் பிடிஎஃப் ஆகத்தான் கொடுப்பார்கள். படத்துக்கு அது உதவாது. கொடுக்கும் முன்பே "600 டிபிஐ, ஜேபெக்" (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று சொல்லி, பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று அவசியம் வேண்டும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஆவணங்களில் எல்லாரும் ஜாதகத்தையும் போட்டோவையும் மட்டும் தேடுவார்கள். ஊர் விவரத்துக்கு அவற்றைவிட உதவுபவை வேறு: கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட். பத்திரத்தில் கிராமம், வட்டம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் அந்தக் காலத்துப் பெயரிலேயே இருக்கும். எல்லாவற்றையும்விட மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். எந்தெந்த ஊரில் யார் யார் உறவு என்பதற்கு அதைப்போல ஒரு சாட்சி கிடைக்காது.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தைத் துடைத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து, பெயர் மாற்றி வைக்க நான்கைந்து நிமிடம் ஆகும். இருநூறு படம் என்றால் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். பாதியில் சலிப்பு வந்தால் பெயர் மாற்றும் வேலையைத்தான் முதலில் கைவிடுவோம், அது பின்னால் பெரிய தலைவலியாகும்.

2. ஒரே ஒரு ஃபோல்டர், முதல் நாளே

கிராம்ப்ஸ் உங்கள் படத்தைத் தனக்குள் நகலெடுத்துக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறது. புதியவர்கள் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இதில்தான். வாட்ஸ்அப் டவுன்லோடிலிருந்து படத்தை இழுத்துப் போடுவார்கள், மென்பொருளில் அழகாகத் தெரியும். சில மாதம் கழித்து டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்வார்கள். படம் போயிற்று.

அதனால் முதலில் கணினியில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். உள்ளே நான்கைந்து பிரிவு போதும்: படங்கள், பத்திரங்கள், பத்திரிகைகள், சான்றிதழ்கள், ஒலி. ஆளுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டாம். ஒரு குழுப் படத்தில் பதினெட்டுப் பேர் இருந்தால் அதை யாருடைய ஃபோல்டரில் வைப்பீர்கள்? யார் யார் இருக்கிறார்கள் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஃபோல்டர் படத்தைப் பத்திரமாக வைத்தால் போதும்.

அடுத்து, கிராம்ப்ஸின் பிரிஃபரென்சஸ் பகுதியில் 'பேஸ் மீடியா பாத்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே இந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். படம் சேர்க்கும்போது 'ரிலேட்டிவ் பாத்' (இந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கும் சுருக்க முகவரி) என்பதை டிக் செய்யுங்கள். நாளைக்குக் கணினியை மாற்றினால் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும், எல்லாப் படமும் திறக்கும். இதைச் செய்யாதவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் முழு முகவரி வைத்திருப்பார்கள். கணினி மாறினால் ஒன்றும் திறக்காது. ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் டூல்ஸ் மெனுவில் 'மீடியா மேனேஜர்' இருக்கிறது. முழு முகவரிகளை ரிலேட்டிவ் ஆக்கவும், முகவரியின் ஒரு பகுதியை மொத்தமாக மாற்றவும் அது உதவும். ஓட்டுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை கிராம்ப்ஸில் சேர்த்துவிட்ட கோப்பை அதன்பின் பெயர் மாற்றவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. பெயர் வைப்பதெல்லாம் அதற்கு முன்பே.

3. கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, வகை, ஊர், யார், எண். 1958-பத்திரிகை-மாயவரம்-தாத்தாபெயர்-01 என்பதுபோல. இந்தக் கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழிலும் வைக்கலாம்தான்; ஆனால் மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போதும், ஜிப் செய்து அனுப்பும்போதும் சில சமயம் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வரும். கிராம்ப்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு எழுத இடம் இருக்கிறது. அங்கே தாராளமாகத் தமிழில் எழுதுங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் 195எக்ஸ் என்பதுபோலப் பத்தாண்டையாவது போடுங்கள். எதுவுமே தெரியாதவற்றுக்கு 0000. அவை எல்லாம் பட்டியலின் மேலே ஒன்றாக வந்து நிற்கும். ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் காட்டிக் கேட்க வசதி.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் கவனம். கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும். அது வாட்ஸ்அப்பில் வந்த நாள், படம் எடுத்த நாள் அல்ல. படத்துக்குள் பதிந்திருந்த தேதி, இட விவரமும் அழிந்திருக்கும். படத்தின் தரமும் குறைந்திருக்கும். உறவினரிடம் கேட்கும்போது "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலப் படம் அப்படியே வரும்.

4. ஸ்கேன் செய்யும்போது

பத்திரம், பத்திரிகை போன்ற எழுத்துள்ள காகிதங்களுக்கு 300 டிபிஐ போதும். படங்களுக்கு 600. பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படம் என்றால் 1200. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்பேறிய கறையைப் பிறகு நீக்க அது உதவும்.

நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை) ஆகச் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும். ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதில் உங்கள் மெயிலும் அடக்கம். அதனால் மிக முக்கியமான படங்களை மட்டும் டிஃப் ஆகத் தனியே வைத்துவிட்டு, கிராம்ப்ஸில் இணைக்க உயர்தர ஜேபெக் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். மென்பொருளும் வேகமாகத் திறக்கும்.

கண்ணாடி பிரேமில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுக்க முயலாதீர்கள். அதன் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது நிழலில் வைத்து நேர் மேலிருந்து போனில் எடுங்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். கும்பகோணம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால், அந்தக் குடும்பம் எந்த டவுனுக்குப் போய்வந்தது என்று தெரியும். பினாங்கு, ரங்கூன், கொழும்பு முத்திரை இருந்தால் ஒரு புது அத்தியாயமே திறக்கும்.

5. ஊர் மரத்தைக் கட்டுங்கள்

இனி ஊர். கிராம்ப்ஸில் ஊர் என்பது ஒரு வரி எழுத்து அல்ல. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மரம். நாடு, அதற்குள் மாநிலம், அதற்குள் மாவட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் கிராமம். மேலிருந்து கீழே வாருங்கள். 'இடங்கள்' பகுதியில் முதலில் இந்தியாவை உருவாக்கி, பிறகு தமிழ்நாட்டை உருவாக்கி, அதன் 'என்க்ளோஸ்டு பை' என்ற தாவலில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். இப்படியே கிராமம் வரை. வகை என்ற இடத்தில் ஆங்கிலப் பட்டியல் வரும். அதிலேயே 'வட்டம்', 'குக்கிராமம்', 'கோயில்' என்று நமக்கு வேண்டியதைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரின் சரியான பெயர் தெரியவில்லையா? தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்தைத் திறங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்று பட்டியல் வரும். பார்க்கக் கட்டணம் இல்லை. வருவாய்த் துறை அந்தக் கிராமத்தை எப்படி எழுதுகிறது, இன்று எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, நாம் வாயால் சொல்லும் ஊர் வேறு. நம் பாட்டி சொல்லும் ஊர் பல சமயம் ஒரு குக்கிராமம். அரசுப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. அப்போது வருவாய்க் கிராமத்தை உருவாக்கி, அதற்குள் பாட்டி சொன்ன ஊரை வையுங்கள். பாட்டி சொன்ன பெயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பத்திரத்தில் இல்லாத அந்தப் பெயர் உங்கள் வம்சாவளியில் மட்டும்தான் பதிவாகப்போகிறது.

புதூர், நல்லூர், மேலூர் போன்ற பெயர்களில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. வட்டத்தோடு இணைக்காமல் வெறும் 'புதூர்' என்று ஓர் இடம் உங்கள் மரத்தில் தனியாக நின்றால், அது தவறான ஆளோடு ஒட்டிக்கொள்வது நிச்சயம்.

6. மாவட்டம் மாறிய கணக்கு

எல்லாரும் திணறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாயவரத்துப் (இன்றைய மயிலாடுதுறை) பக்கம் ஒரு கிராமத்தில் 1950-ல் ஒருவர் பிறந்தார் என்றால் அவர் பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம். அதே வீட்டில் 1995-ல் பிறந்த பேரன் நாகப்பட்டினம் மாவட்டம், ஏனென்றால் 1991-ல் நாகை தனி மாவட்டமானது. 2021-ல் பிறந்த கொள்ளுப்பேத்தி மயிலாடுதுறை மாவட்டம். அது 2020 டிசம்பரில் பிரிந்தது. மூன்று பேர், ஒரே திண்ணை, மூன்று மாவட்டம்.

இதற்காக அந்தக் கிராமத்தை மூன்று முறை உருவாக்கக் கூடாது. கிராமம் ஒன்றே. 'என்க்ளோஸ்டு பை' தாவலில் எத்தனை மேலிடம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தேதி போடலாம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேதியைக் கிராமத்தில் போடாதீர்கள், வட்டத்தில் போடுங்கள். மயிலாடுதுறை வட்டம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், 1991 முதல் 2020 வரை நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை என்று வட்டத்துக்கு ஒரே ஒருமுறை எழுதினால், அதற்குள் இருக்கும் அத்தனை கிராமத்துக்கும் அது தானாகப் பொருந்திவிடும். பிறப்பு, திருமணம் போன்ற நிகழ்வின் தேதியைப் பார்த்து அந்தக் காலத்து மாவட்டத்தைக் கிராம்ப்ஸே காட்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் கிராமம் மட்டும் தனியாக வேறு வட்டத்துக்கு மாற்றப்பட்டிருந்தால்தான் கிராமத்தில் தேதி போட வேண்டும்.

அடிக்கடி தேவைப்படும் சில ஆண்டுகள்:

தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிந்தது 1991. திருவாரூர் உருவானது 1997. மதுரையிலிருந்து திண்டுக்கல் 1985, தேனி 1996. பழைய ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 1986, தென்காசி 2019. வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது 1989. தென் ஆற்காடு கடலூர், விழுப்புரம் என்றானது 1993. கோவையிலிருந்து ஈரோடு 1979. சேலத்திலிருந்து தருமபுரி 1965, நாமக்கல் 1997. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது, 1974-ல் தனி மாவட்டம். கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தமிழ்நாடு என்று போடக் கூடாது, திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று வர வேண்டும்.

பெயர் மட்டும் மாறினால் வேறு வழி. புது இடம் வேண்டாம், 'ஆல்டர்நேட்டிவ் நேம்ஸ்' தாவலில் மாற்றுப் பெயராகத் தேதியோடு சேருங்கள். மயிலாடுதுறைக்கு மாயவரம், மாயூரம். சென்னைக்கு 1996 வரை மெட்ராஸ். மாநிலத்துக்குச் சென்னை மாகாணம், 1950-லிருந்து சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. மாகாணத்தின் எல்லை மிகவும் பெரிதாயிற்றே, அதைப் பெயர் மாற்றமாக வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். குடும்ப வரலாற்றுக்கு இந்த எளிமை போதும் என்பது என் கருத்து. உறவினர்கள் ஆந்திரா, மலபார்ப் பக்கம் இருந்தால் மட்டும் மாகாணத்தைத் தனி இடமாக வையுங்கள்.

1980-களிலும் 90-களிலும் அச்சடித்த பத்திரிகைகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். காமராசர் மாவட்டம் என்றால் விருதுநகர். வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்றால் தூத்துக்குடி. பெரியார் மாவட்டம் ஈரோடு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை. தலைவர்களின் பெயர்கள் 1997-ல் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன. இவையும் மாற்றுப் பெயர்கள்தான். புது இடமாக ஏற்றினால் அந்தக் குடும்பம் எங்கோ வெளியூர் போய்விட்ட மாதிரி ஆகிவிடும்.

கடல் கடந்தவர்களுக்கும் இதே கணக்கு. இலங்கைக்கு 1972 வரை சிலோன். பினாங்கு 1946 வரை நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. மலேசியா என்ற பெயர் 1963-க்குப் பிறகுதான். 1930-ல் கப்பலேறிய தாத்தாவை மலேசியாவில் இறக்காதீர்கள்.

தேதியை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்: 'பிஃபோர் 1991', 'ஃப்ரம் 1991 டு 2020' என்பதுபோல. கிராம்ப்ஸுக்குப் புரியாவிட்டால் அதைப் பிழை என்று காட்டும். அப்படிக் காட்டினால் அதை வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தேதி வேலை செய்யாது.

7. ஒரே ஊர், பல எழுத்து

தஞ்சாவூர், தஞ்சை, டாஞ்சூர் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். முதன்மைப் பெயர் ஒன்றைத் தமிழில் வைத்து, மற்றவற்றை மாற்றுப் பெயராக்குங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றுப் பெயராகச் சேர்த்து, மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று குறியுங்கள்.

நிகழ்வில் ஊரைச் சேர்க்கும்போது இரண்டு பட்டன் இருக்கும்: புதிதாகச் சேர்ப்பது, ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுப்பது. எப்போதும் இரண்டாவதையே முதலில் அழுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களுக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே இரட்டையாகிவிட்டவற்றை இரண்டு இரண்டாகத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் 'மெர்ஜ்' கொடுங்கள். எதை மூலமாக வைப்பது என்று கேட்கும். மரத்தில் சரியாக இணைத்ததைக் காட்டுங்கள். மற்றதன் பெயர் மாற்றுப் பெயராகச் சேர்ந்துவிடும், அதோடு இணைந்த நிகழ்வுகளும் இங்கே வந்துவிடும்.

தமிழில் தேடும்போது கண்முன் இருக்கும் ஊர் கிடைக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். 'கொ' போன்ற எழுத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தப் பெயரை அழித்துவிட்டுக் கையால் ஒருமுறை திரும்பத் தட்டினால் சரியாகிவிடும்.

8. பிறந்த ஊரும் சொந்த ஊரும் ஒன்றல்ல

நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். அப்பாவின் சொந்த ஊரைப் பிறந்த இடமாகப் போட்டால் பெரும்பாலும் தவறு. "எங்க பொறந்தாங்க?" என்று கேட்டால் சொந்த ஊரைத்தான் சொல்வார்கள். "பிரசவம் எந்த வீட்டுல நடந்துச்சு?" என்று கேளுங்கள், சரியான பதில் வரும். சொந்த ஊரைத் தனியாக 'பூர்வீகம்' என்ற நிகழ்வாகவோ குடியிருப்பாகவோ சேருங்கள்.

பெயரின் தலைப்பெழுத்திலும் ஊர் ஒளிந்திருக்கும். ம.பொ.சி. என்பதில் 'ம' மயிலை. உங்கள் கொள்ளுத்தாத்தா இரண்டு தலைப்பெழுத்து போட்டிருந்தால் முதலாவது ஊராக இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

குலதெய்வக் கோயிலைத் தனி இடமாகவே சேருங்கள். குடும்பம் எத்தனை ஊர் மாறினாலும் மொட்டை, காதுகுத்து அங்கேதான் நடந்திருக்கும். அவற்றை நிகழ்வாகச் சேர்த்து இந்த இடத்தோடு இணைத்தால், தொடர்பு விட்டுப்போன பங்காளிகளைத் தேடுவதற்கு நல்ல பிடி கிடைக்கும்.

9. வரைபடத்தில் குறிப்பது

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலோ கூகுள் மேப்பிலோ ஊரைத் தேடி, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நகலெடுத்து இடத்தின் பக்கத்தில் ஒட்டுங்கள். தமிழ்நாட்டுக்கு முதல் எண் 8-க்கும் 13.6-க்கும் இடையில், இரண்டாவது 76-க்கும் 80.4-க்கும் இடையில் இருக்கும். மாற்றிப் போட்டால் மாயவரம் நார்வேயின் சுவால்பார்ட் தீவுகளுக்குப் போய்விடும். கிராமத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போட்டால் போதும். மாவட்டத்துக்கெல்லாம் புள்ளி வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

10. எந்தப் படத்தை எதோடு இணைப்பது

எல்லாவற்றையும் ஆளின் மேலேயே குவிப்பதுதான் வழக்கமாக நடப்பது. கொஞ்ச நாளில் தாத்தாவின் பக்கத்தில் பட்டா நகலும் பத்திரிகையும் போட்டோவும் கலந்து கிடக்கும். நான் பின்பற்றும் முறை இது: முகம் தெரியும் படம் ஆளோடு. வீடு, கோயில், பள்ளிக்கூடம் ஊரோடு. பத்திரம், பத்திரிகை, சான்றிதழ் எல்லாம் 'சைட்டேஷன்' என்ற ஆதாரக் குறிப்போடு. அந்த ஆதாரத்தைப் பிறப்பு, திருமணம் போன்ற நிகழ்வோடு இணையுங்கள். ஒரே பத்திரிகை மணமகன், மணமகள், இரு வீட்டுப் பெற்றோர், ஊர் என்று ஏழெட்டு விவரத்துக்கு ஆதாரமாகும். கோப்பு ஒன்றே, இணைப்புதான் பல. அதே படத்தை மறுபடி மறுபடி சேர்க்காமல், ஏற்கெனவே சேர்த்ததைத் தேர்ந்தெடுங்கள்.

குழுப் படத்துக்கு ஓர் அருமையான வசதி உண்டு. ஒவ்வொருவரின் கேலரியிலும் அந்தப் படத்தை இணைத்து, திறந்து, அவர் முகத்தைச் சுற்றி மௌஸால் ஒரு கட்டம் வரையுங்கள். அவர் பக்கத்தில் அந்த முகம் மட்டும் தெரியும். தனிப்படமே எடுத்துக்கொள்ளாத எத்தனையோ பாட்டிகளுக்கு இப்படித்தான் ஒரு முகம் கிடைக்கிறது. கேலரியில் முதலில் இருக்கும் படம்தான் அவருடைய முகப்புப் படமாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. தேதி இல்லாத பத்திரிகை

தமிழ் வருடம் மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். விளம்பி என்றால் 1958-59-ம் ஆகலாம், 2018-19-ம் ஆகலாம். முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. அதற்கு முன் பின்கோடே கிடையாது. லை, ணை, றா போன்றவை பழைய வடிவத்தில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது; ஆனால் பழைய அச்சுக்களையே பிறகும் வைத்திருந்த அச்சகங்கள் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

12. பூட்டு

ஆதார் நகல், சொத்துப் பத்திரம், உயிரோடு இருப்பவர்களின் ஜாதகம் இவற்றுக்கு மேலே இருக்கும் பூட்டுச் சின்னத்தை அழுத்தி 'பிரைவேட்' ஆக்குங்கள். ஏற்றுமதி செய்யும்போது பிரைவேட் விவரங்களை விடு, உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை விடு என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. ஆதார் நகலை இதில் சேர்க்கவே வேண்டாம் என்பேன்; வம்சாவளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

13. பேக்கப், பகிர்வு

தானாக எடுக்கும் பேக்கப்பில் எழுத்து விவரம் மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. பிரிஃபரென்சஸில் அதைப் போட்டு வையுங்கள், ஆனால் அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது எக்ஸ்போர்ட் போய் 'கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பேக்கேஜ்' எடுங்கள். அதில் விவரமும் படமும் ஒரே கோப்பாக வரும். ஒரு நகல் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ வீட்டில். புதிய பதிப்புக்கு மாறும் முன்பும் கட்டாயம் ஒன்று எடுங்கள். புதிய பதிப்பில் திறந்த குடும்ப மரத்தைப் பழைய பதிப்பில் திரும்பத் திறக்க முடியாது.

வேறு மென்பொருள் வைத்திருக்கும் உறவினருக்கு ஜெட்காம் (வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) கோப்பாக அனுப்பலாம். ஆனால் அதில் படங்கள் இருக்காது, முகவரி மட்டும்தான் போகும்; ஊர் மரமும் காற்புள்ளி இட்ட ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எனவே ஜெட்காமைப் பகிர மட்டும் பயன்படுத்துங்கள், பேக்கப்பாக நம்பாதீர்கள்.

முதல் பேக்கேஜ் எடுத்ததும் அதை ஒரு புதிய காலிக் குடும்ப மரத்தில் இறக்கிப் பாருங்கள். பத்துப் படத்தைத் திறந்து பாருங்கள், உங்கள் மாவட்டம் பிரிந்த ஆண்டுக்கு முன் ஒரு நிகழ்வும் பின் ஒரு நிகழ்வும் எடுத்து மாவட்டம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் அந்தச் சோதனை மரத்தை அழித்துவிட்டு, உங்கள் உண்மையான மரத்தில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.